பதினோராவது பிரசவம்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலம் விசாரித்தால் பதில் வர இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே நீயும் நலமென்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

"தனியா என்ன பண்றே, எங்ககூட வந்து இரு" என்று எழுதியிருந்தாய். எனக்கு எங்கே நேரம்? இந்த மாதம் மட்டும் பதினோரு பிரசவம். பதறாதே, ஐம்பத்திரண்டு வயதில் அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. எதிர்த்த நர்சிங் பள்ளியில் பிரசவ வலி எடுத்தவளாகப் படுத்து நடிக்க ஆள் கேட்டார்கள், தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு போய்விட்டேன். மாணவிகள் என் இடுப்பைத் தேய்த்துவிட வேண்டும், கூடவே மூச்சு வாங்க வேண்டும், "நல்லா பண்றீங்கம்மா" என்று தைரியம் சொல்ல வேண்டும். இருபதாவது நிமிடம் போர்வைக்குள்ளிருந்து நான் பொம்மையை வெளியே தள்ளுவேன். அதுவரை மாணவி பிடித்த என் கையை விடக்கூடாது. விட்டால் ஐந்து மார்க் போச்சு. பிள்ளையே பெறாத நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பில் எலும்புப் பாடம் நடத்தியவர் எலும்போடு ஓடிவந்தார்.

வினை பரீட்சையன்று வந்தது. கடைசியாக வந்த பெண்ணின் கை, இஸ்திரி போட்டு எடுத்த துணி மாதிரி இளஞ்சூடு. உன் அத்தான் போன இந்த நாலு வருஷத்தில் இந்த மாணவிகளை விட்டால் என் கையைப் பிடித்தவர்கள் இரண்டே பேர்: ரத்தம் எடுத்தவர் ஒருவர், விரலில் ஓட்டு மை வைத்தவர் ஒருவர். இருபது நிமிடம் போயிற்று, நாற்பதும் போயிற்று, பொம்மை என் முழங்காலுக்கடியில் சௌக்கியமாக இருந்தது.

"என்னம்மா, எனக்குப் பஸ் போயிடும்," என்றார் ஆசிரியை.

"தலை இன்னும் திரும்பலை மிஸ்," என்றேன்.

"பொம்மைக்கா?"

அந்தப் பெண் என் காதருகே குனிந்து, "கை மரத்துப் போச்சு ஆன்ட்டி. பரவாயில்ல, நீங்க மெதுவா பெத்துக்கங்க," என்றாள். அதற்குமேல் மனசு கேட்கவில்லை. பெற்றுவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து எனக்கு மாமியார் வேஷமாம். கதவோரம் உட்கார்ந்து "இன்னும் ஆகலையா?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மாமியார் கையை யாரும் பிடிப்பதில்லை, அதற்கு மார்க்கும் கிடையாது. ஆனாலும் பொறுப்பான வேலை. ஆகவே அங்கே வருவதற்கில்லை. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. நிறைமாதமாக இருக்கும் உன் மகள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க என் ஆசி.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: "வருவதற்கில்லை" என்று எழுதியதை நீயே அடித்துவிடு. பெட்டி கட்டி மூன்று நாளாகிறது. பிரசவத்தின்போது கை பிடிக்க ஆள் வேண்டுமா என்று உன் மகளிடம் கேட்டு எழுது. இந்தத் தடவை இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளாதே. பிள்ளை வந்ததும் பெரியம்மா கையை விட்டுவிடுவாள் என்று அவளிடம் சொல். அது பொய் என்பது நமக்குள் இருக்கட்டும்.