மானுக்கு அடித்த பெட்டி

நான் அடித்த பெட்டிக்குள் நானே மாட்டிக்கொண்டேன் என்றால் வெளியாட்கள் நம்புவதில்லை. என் வீட்டார் மட்டும் உடனே நம்பிவிட்டார்கள்.

இரண்டாயிரங்களில் துபாயில், ஜெபல் அலி துறைமுகப் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனியில் எனக்குத் தச்சு வேலை. ஜெனரேட்டருக்கும் பம்புக்கும் பெட்டி அடித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒருநாள் அடாக்ஸ் என்ற ஆப்பிரிக்க மானுக்குப் பெட்டி அடிக்கும் வேலை வந்தது. சஹாராவில் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்களாம். விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம். அல் ஐன் பக்கம் ஒரு பண்ணையில் வளர்த்துப் பெருக்கிய மான்களை விமானத்தில் சஹாராவுக்கே திருப்பி அனுப்பப் போகிறார்கள். மான் உள்ளே நிற்கலாம், படுக்கலாம், திரும்ப மட்டும் கூடாது. கொம்பு மாட்டி ஒடிந்துவிடும். (ஜெனரேட்டர் இப்படியெல்லாம் படுத்தாது.)

ஏற்றுகிற அன்று காலை என்னையும் பண்ணைக்கு அழைத்துப் போனார்கள். இருபுறமும் பலகைச் சுவர் வைத்த சந்து. அதன் முனையில் என் பெட்டி. மான் உள்ளே நுழைந்த சத்தம் கேட்டதும் சுவருக்கு வெளியே நிற்பவர் கயிற்றை விடுவார், கதவு இறங்கிவிடும். யாரும் சத்தம் போடக் கூடாது என்று மான்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். மிரண்டால் மான் காலை ஒடித்துக்கொள்ளும்.

எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். எனக்கு ஒரே கேள்வி: உள்ளே நிற்கும் மானுக்கு என்னதான் தெரியும்? தவழ்ந்து உள்ளே போய்க் காற்றுத் துளையில் கண்ணை வைத்தேன். கொஞ்சம் மணலும் ஒரு லாரி டயரும் தெரிந்தன. ஆப்பிரிக்கா வரைக்கும் பார்க்க இவ்வளவுதானா என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்ததில், எல்லாரும் திரும்பி வந்து மானைச் சந்துக்குள் விட்டது எனக்குத் தெரியவில்லை. பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பினேன். வாசலில் அடாக்ஸ். திருகிய கொம்பு, நெற்றியில் விக் வைத்தாற்போலப் பழுப்பு முடி. தன் சீட்டில் மாறி உட்கார்ந்துவிட்ட பயணியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. பதறிப் பின்னால் விழுந்தேன். தொம்!

மான்தான் நுழைந்துவிட்டது என்று வெளியே கயிற்றை விட்டார்கள், கதவு இறங்கியது. மான் வந்த வழியே ஓடியது.

வெளியே கிசுகிசுப்பாக ஒரே மகிழ்ச்சி. நான் கத்தியிருக்கலாம். ஆனால் சத்தம் போடக் கூடாதே! "அண்ணே... அண்ணே..." என்று ரகசியமாகக் கூப்பிட்டேன்.

மான்களைப் பராமரிக்கும் யாழ்ப்பாணத்துச் சிவம் அண்ணன் துளையில் டார்ச் அடித்தார். வெளிச்சம் என் சட்டையில் விழுந்தது.

"டொக்டர், இது சேட்டுப் போட்டிருக்கு" என்றார்.

கதவைத் தூக்கினார்கள். "தம்பி, உள்ளுக்கை என்ன செய்யிறீர்?"

"சும்மா... பார்த்தேன்ணே."

"இனி அது பின்னேரம் வரைக்கும் கிட்டவும் வராது. இரவைக்குப் பிளேன்!"

டாக்டரம்மா வேனைக் கைகாட்டினார். என்னை அதில் உட்காரவைத்தார்கள். இருமல் வந்தபோதுகூட விழுங்கிக்கொண்டேன். ஓர் இனமே அழிந்தால் என் பெயர்தான் வரும் என்று பட்டது. வெயில் சாய்ந்த பிறகு, அந்த மான் ஒன்றுமே நடக்காததுபோல் நடந்துவந்து பெட்டிக்குள் ஏறியது.

அப்புறம்தான் டாக்டரம்மா என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். "உள்ளே எப்படி இருந்தது?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தரை வழுக்குது மேடம்."

உடனே எல்லாப் பெட்டியிலும் ரப்பர் விரிப்பு போடச் சொன்னார்.

லீவில் ஊருக்கு வந்து இதைச் சொன்னதுதான் தப்பு. அன்றிலிருந்து என் மனைவி பீரோவை மூடுமுன் இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள யாரும் இருக்கீங்களா?" என்று கேட்பாள். பிள்ளைகளுக்கும் அதுவே பழகிவிட்டது. போன மாதம் புது மருமகன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மாமா, இந்த வீட்ல ஏன் எல்லாரும் பிரிட்ஜைத் தட்டிட்டு மூடுறாங்க?"