நேரலையில் சொர்ணலட்சுமி

திருத்தங்கலில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கும் அய்யாதுரைக்கு ரெண்டு பலவீனம். ஒன்று எண்ணெய்ப் புரோட்டா. இன்னொன்று மனைவி சொர்ணலட்சுமி. முன்னதைத் தின்னாமல் இருக்க முடியாது. பின்னவளுக்குப் பயப்படாமல் இருக்க முடியாது.

ஆடி மாசம் இருக்கன்குடி கோயில் வரிசையில் அவர் ஆடி விழுந்தார். சாமி வந்துவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் கும்பிட்டார்கள். வந்தது சாமி இல்லை, சர்க்கரை. மைதா இருக்கும் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் கையை விடாமல் அழுத சொர்ணலட்சுமி, வீட்டுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்தாள்.

"உங்க நாக்கை நான் நம்ப மாட்டேன். பிரஸ்ல உங்க மேசைக்கு நேரா ஒரு வைஃபை கேமரா மாட்டுங்க. நான் இங்கன இருந்தே போன்ல பாத்துக்கிடுறேன்."

"அப்ப வீட்டுலயும் ஒண்ணு மாட்டணும்."

"அது எதுக்கு?"

"எனக்கு மட்டும் உன்னைப் பாக்கணும்னு இருக்காதா, சொர்ணம்?"

அவள் வெட்கப்பட்டு உள்ளே போனாள். அய்யாதுரையின் திட்டம் வேறு. அவள் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால், அவர் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

கேமரா மாட்டியது செல்போன் கடை கதிரவன். "கரண்டு போனாலும் படம் நிக்காது அண்ணாச்சி. ரெண்டு இடத்துலயும் பேட்டரி வச்சிருக்கேன்" என்றவர், அண்ணாச்சியின் முகம் தொங்குவதைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"கேமராவுக்குக் கண்ணு உண்டு, மூளை கிடையாது. நீங்க வேலை பாக்குறதை வீடியோ எடுத்து, ஒரு டேப்லட்டுல திரும்பத் திரும்ப ஓடவிடுங்க. அதைக் கேமரா மூஞ்சிக்கு நேரா வச்சிருங்க. அக்காவுக்கு லைவுன்னுதான் தெரியும்."

"வெளிய சொல்லிறாத, தம்பி."

"நான் ஏன் சொல்றேன்? தொழில் ரகசியம்லா!"

அதற்குப்பின் சாயங்காலம் ஆனால் ரெண்டு அய்யாதுரை. ஒருத்தர் பிரஸ்ஸில் குனிந்த தலை நிமிராமல் ப்ரூஃப் பார்ப்பார். இன்னொருத்தர் பாண்டிச்செல்வம் கடையில் குனிந்த தலை நிமிராமல் புரோட்டா பிய்ப்பார்.

வாட்ஸ்அப்பில் சொர்ணலட்சுமியின் குரல் வரும். "ஏங்க, ரொம்ப நேரமாக் குனிஞ்சே இருக்கீக. கழுத்து வலிக்கப் போகுது."

அவருக்குக் குற்ற உணர்ச்சி தொண்டையில் அடைக்கும். சால்னா ஊற்றி உள்ளே தள்ளுவார்.

ஒருநாள் அவர் கடையில் உட்கார்ந்த நேரத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம். ஏதோ பட்டாசுக் கம்பெனியில் புது வெடியைச் சோதிக்கிறார்கள் என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரே இருண்ட பிறகுதான், வெடித்தது டிரான்ஸ்பார்மர் என்று புரிந்தது.

விறகு அடுப்புக்குக் கரண்டு எதற்கு? கால் மணி நேரத்தில் புரோட்டா வந்தது. அய்யாதுரை வழக்கம்போலப் போனை எடுத்து வீட்டைப் பார்த்தார். சொர்ணலட்சுமி கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். 'பாவம், ஒத்தை ஆளா மாவாட்டுறா' என்று மனசு இளகியது. அவள் ஆட்டியது மாவை மட்டும் இல்லை என்று அப்போது அவருக்குத் தெரியாது.

எதிர் நாற்காலி இழுபட்டது.

"சால்னா போதுமா? இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லவா?"

நிமிர்ந்தார். போனிலும் சொர்ணலட்சுமி. எதிரிலும் சொர்ணலட்சுமி.

"நீ... வீட்டுல..."

"நீங்க பிரஸ்ல."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஊரு பூரா கரண்டு இல்ல. உங்களுக்குப் பின்னால மிஷின் மட்டும் கடகடன்னு ஓடுது. காலால மிதிச்சு ஓட்டுறீகளோ?"

அய்யாதுரை தலை குனிந்தார். குனிந்த இடத்தில் போன் இருந்தது. அதில் கிரைண்டர் இன்னும் சுத்திக்கொண்டிருந்தது. அவருக்குப் போன உயிர் திரும்ப வந்தது.

"அப்ப நம்ம வீட்டுக் கிரைண்டரை யாரு மிதிக்கா?"

சொர்ணலட்சுமி முந்தானையைச் சரிசெய்தாள். "கதிரவன் உங்களுக்கு மட்டுந்தான் சொல்லிக் குடுக்கணுமா?"

"தொழில் ரகசியம்னானே!"

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. உங்களுக்கு முன்னாடியே."

"சரி, உனக்கு எதுக்கு இந்த வித்தை?"

"உங்களைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான்!" அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குரல் உடைந்தது. "மறுபடி நீங்க விழுந்தா நான் யாரைப் பாத்துக்கிட்டு இருப்பேன்? உங்களுக்காக நானும்தான் நாக்கைக் கட்டிக்கிட்டுக் கேப்பைக்களி தின்னுக்கிட்டுக் கிடக்கேன்."

அய்யாதுரை உருகிப்போனார். எண்ணெய்க் கையோடேயே அவள் கையைப் பிடித்தார். "இனிமே இல்ல சொர்ணம். உன் தலைமேல சத்தியம். நீ இம்புட்டுப் பெரிய மனசுக்காரின்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

அந்த நேரம் பார்த்துப் பாண்டிச்செல்வம் எமர்ஜென்சி விளக்கோடு வந்தார். வெளிச்சத்தை உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அட, அக்காவா! எப்பவும் மத்தியானந்தான வருவீக? அதே ரெண்டு முட்டைப் புரோட்டாதான?"