வெல்டரின் ஒரு பாயிண்ட்

கீழே விழுந்த சீப்பைக் குனிந்து எடுத்ததுதான் வெல்டர் செய்த தப்பு.

மனைவி பார்த்துவிட்டாள். "இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"நாற்காலிச் சக்கரத்தைப் பிடிக்காமலே குனிஞ்சு நிமிர்ந்தீங்க. இடுப்புல பலம் வந்திடுச்சுங்க." அவள் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வெல்டர் சட்டென்று சீப்பை மடியில் மறைத்தார். வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து, முதுகெலும்பு நொறுங்கி மூன்று வருஷம். முதல் வருஷம் சுவரைப் பார்த்தபடியே கழிந்தது. அப்புறம்தான் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அவரை வெளியே இழுத்துப்போட்டது.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் உடம்புக்கும் பாயிண்ட் உண்டு. பலம் கூடினால் பாயிண்ட் கூடும். களத்தில் இறங்கும் ஐந்து பேருக்கும் சேர்த்துப் பதினாலைத் தாண்டக் கூடாது. மற்ற நாலு பேருக்கே பதிமூன்று போய்விட, இடுப்பு நிற்காத வெல்டருக்கு மிச்சம் ஒன்று. அந்த ஒன்றில்தான் அவருடைய இடமே இருந்தது. இடுப்பு தேறிப் பாயிண்ட் ஏறினால் மறுபடி சுவரைப் பார்க்க வேண்டியதுதான். அடுத்த மாதம் பாயிண்ட் போடும் மறுபரிசோதனை வேறு.

"அது ஏதோ தற்செயலா நடந்தது" என்றவர், சீப்பை மறுபடி போட்டுக் குனிந்து, வேண்டுமென்றே குப்புற விழுந்தார். முக்காலி உடைந்தது. மூக்கும் தப்பவில்லை.

பயந்துபோன மனைவி மறுநாளே பிசியோதெரபிஸ்டிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"விழறாரா? அப்ப இடுப்புப் பயிற்சியை ரெண்டு மடங்காக்கிடுவோம்" என்றார் அவர்.

செய்யாமல் ஏமாற்றலாமென்றால், மனைவி பக்கத்தில் நின்று எண்ணினாள். மூன்றே வாரத்தில் இடுப்பு இரும்பாகிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

இப்போது மைதானத்தில் பந்துக்குக் கை நீட்டும்போதெல்லாம் விழுவதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் மறந்துபோய் நிமிர்ந்து உட்கார்ந்தே பந்தைப் பிடித்துவிட்டார். பிறகு நினைவு வந்து நிதானமாகச் சாய்ந்தார்.

"என்னண்ணே, லேட்டா விழறீங்க?" என்றான் நாலு பாயிண்ட் ஆட்டக்காரன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு கால் போனவன்.

"வயசாகுதுப்பா."

வெல்டருக்கு அலுத்துவிட்டது. உட்கார முடியவில்லையே என்று அழுத மனுஷன், உட்கார முடிகிறதே என்று அழ வேண்டியிருந்தது. நல்ல சேதியைச் சொல்லிச் சந்தோஷப்படக்கூட வழியில்லை. விழுந்து விழுந்து தோள்பட்டை வேறு வீங்கியிருந்தது.

பரிசோதனை நாளில் அவரைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவும் களைத்துத்தான் போயிருந்தார். எழுந்து வந்து வெல்டரின் தோளை ஒரு விரலால் தள்ளினார். வெல்டர் மூட்டை மாதிரிச் சரிந்தார்.

"தரையில இருக்கற பந்தை எடுங்க."

எடுக்கப்போய் மறுபடி சரிந்தார்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நிமிர்ந்து உக்காருங்க. நீங்க ஒருத்தராவது விழ மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"ஏம்மா?"

"உங்களுக்கு முன்னாடி வந்த நாலு பேரும் இப்படித்தான் விழுந்தாங்க. பிடிச்சு விசாரிச்சா, 'வெல்டர் அண்ணன் தேறிட்டு வர்றாரு, அவருக்கு இடம் வேணும், எங்க பாயிண்டைக் குறைச்சுப் போடுங்க'ங்கறாங்க."