கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு கட்டற்ற கொம்பியூட்டர்

மட்டக்களப்பு வாவிக்கரை கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர் ஒன்றியத்தில் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். பதவிகள் பதினொன்று. பதவி கிடைக்காமல் மிஞ்சியவர் கணக்குப் படிப்பிக்கும் கேதீஸ்வரி மிஸ். எங்களுக்குள் கொம்பியூட்டர் திருத்தத் தெரிந்தவர் அவ ஒருவர்தான் என்பதால், பதவிச் சுமையையும் அவவின் தலையில் ஏற்றக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். நான் தனோஜன், செயலாளர். ஒன்றியத்தின் கடிதத்தாளும் ரப்பர் முத்திரையும் என்னிடம்தான் இருக்கும். தூங்கும்போதுகூடப் பைக்குள்தான் வைத்திருப்பேன்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நாங்களும் ஒன்றியம் தொடங்கி இரண்டு மாதம் கழித்துக் கேட்டோம். கம்பனிக்காரனிடம் கைகட்டி நிற்காமல் எவரும் எடுத்துப் பாவிக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். வேலிக்கு மேலால் கறிக் கிண்ணம் கைமாறுவது போல என்று மிஸ் விளங்கப்படுத்தினா. இந்த உன்னத நோக்கத்தை மக்கள்மயப்படுத்தும் பொருட்டு நாவற்குடாவில் ஒரு பொது மண்டபத்தில் விழா எடுப்பதென முடிவாயிற்று.

திட்டத்தை மிஸ்தான் எழுதினா. ஆட்கள் பழைய கொம்பியூட்டர்களைக் கொண்டு வரட்டும். ஒன்றுக்கு இருபது நிமிடம். மென்பொருளைப் போட்டுக் கொடுத்து அனுப்புவோம். அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. எங்கள் தலைவர் மஜீட் சேர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். அந்தப் பக்கத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இரிக்கி புள்ள. ஆனா இதுக்குள்ள விழா எங்க இரிக்கி?"

அந்தக் குறையை நிவர்த்தி செய்து, மங்கள விளக்கேற்றல் முதல் நன்றியுரை வரை பதினேழு நிகழ்ச்சிகளைச் சேர்த்தோம். அதன் பிறகு மண்டபத்துக்கு அனுமதி கேட்டு, அதற்குப் பொறுப்பான உயர் அலுவலரிடம் நானும் சேரும் போனோம்.

"இந்த மென்பொருளுக்குச் சொந்தக்காரர் ஆர்?" என்று கேட்டார் அலுவலர்.

"தனிச் சொந்தக்காரர் இல்ல சேர்."

"சொந்தக்காரர் இல்லாத எதையும் மண்டபத்துக்குள்ள விடேலாது. போன மாரியில சொந்தக்காரர் இல்லாத மாடு ஒண்டு உள்ளுக்குப் படுத்து, இன்னும் விசாரணை முடியல்ல."

"அப்பிடி இல்ல சேர். எல்லாரும்தான் சொந்தக்காரர்."

"அப்ப எல்லாரிட்டயும் ஒப்பம் வாங்கிற்று வாங்க."

"உலகம் முழுக்க இரிக்கிறாக்கள் சேர்."

"படிவம் காணாட்டிச் சொல்லுங்க, கூடத் தாறன்." அலுவலர் பேனையை மூடினார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, சும்மா கேட்பது போலக் கேட்டார். "பிரதம அதிதி ஆர்?"

மஜீட் சேர் முப்பத்திரண்டு வருடம் அரச சேவையில் இருந்தவர். கண்ணை மூடித் திறப்பதற்குள், "அதைத்தான் சேர் நேரில கேக்க வந்த நாங்க" என்றார். அலுவலர் பேனையைத் திரும்பத் திறந்தார். மாடும் மறந்து போனது, உலகத்தின் ஒப்பமும் மறந்து போனது.

அழைப்பிதழில் பதினாறு அதிதிகளின் பெயரும் பட்டமும் படமும் போட வேண்டியிருந்தது. ஆகவே "பழைய கொம்பியூட்டர்களைக் கொண்டு வாருங்கள்" என்ற வரிக்கு இடம் காணாமல் போயிற்று. அந்த அழைப்பிதழை நான் எந்த மென்பொருளில் செய்தேன் என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. களவாகப் போட்டதுதான், ஆனாலும் எழுத்து நல்ல வடிவாக வரும்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கே ஒருவர் மண்டபத்துப் படியில் குந்தியிருந்தார். பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து, இரண்டு பஸ் மாறி வந்த கோணாமலை விதானையார். அவர் வட்டை விதானை. தங்கள் வயல்வெளியின் தண்ணீர், வேலி, கட்டாக்காலி மாடு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிக் கமக்காரர்கள் தெரிந்தெடுத்த ஆள். இரண்டு உரப்பைகளுக்குள் வட்டையின் கொம்பியூட்டரைப் பெட்டி வேறு திரை வேறாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மிஸ் போனில் கூப்பிட்டுச் சொன்னதால் வந்தவர்.

"முந்தநாள் போட்டன் மனே, நீலமா வந்து, உரிமம் எங்க எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிது," என்றார் என்னிடம். "உரத்துக்குரிய பட்டியல் உள்ளுக்க மாட்டிற்று. நூற்றிப்பன்னிரண்டு பேர். திங்கக்கிழமை மூணு மணிக்குள்ள குடுக்கோணும். கையால எழுதினா எடுக்கமாட்டாங்களாம், நாடு டிஜிட்டலாம். விதைச்சுப் பதினைஞ்சு நாளாப் போச்சு. இப்ப உரம் விழாட்டி எங்கட பயிர் மஞ்சளாத்தான் நிக்கும்."

"இருபது நிமிசம் விதானையார்," என்றா மிஸ். கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தா. "பட்டியலை வெளியால எடுத்துத் தாறன். மறுகா புதுசைப் போடுவம்."

பென்னைக் குத்தப் போன கையை மஜீட் சேர் வந்து தடுத்தார். விழாவுக்கு வந்த ஒரே கொம்பியூட்டர் அதுதான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"இதை இப்ப தொட்டா, பிரதம அதிதி எதைத் திறந்து வைக்கிற?"

"அவர் வாறதுக்கிடையில முடிச்சிருவன் சேர்."

"திருத்தின சாமானை ஆரும் திறந்து வைப்பாங்களா புள்ள?" என்று சேர் கேட்டார்.

கொம்பியூட்டரை மேடையில் வைத்து, சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, முன்னால் குத்துவிளக்கும் வைத்தோம். மிஸ்ஸுக்கும் ஒரு பொறுப்பு வேண்டும் என்பதால் கத்தரிக்கோல் தட்டைப் பிடிக்கச் சொன்னோம். விதானையார் முன்வரிசையில் உட்கார்ந்தார். அது அதிதிகளுடையது என்று எழுப்பினோம். பின்வரிசையில் உட்கார்ந்தார்; அது பாண்ட் வாத்தியப் பிள்ளைகளுடையது. கடைசியில் கதவோரம் நின்றார். அங்கிருந்து நாடா வடிவாகத் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய பிரதம அதிதி பதினொன்று பத்துக்கு வந்தார். பாண்ட் அடித்தார்கள். வாவிக் காற்று நாலு தரம் விளக்கை அணைத்தது. நாலு தரமும் ஏற்றி, நாலு தரமும் படம் எடுத்தோம். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. தலைமையுரையில் மஜீட் சேர், "கட்டற்றதற்குத் தனிச் சொந்தக்காரர் கிடையாது, அது மக்கள் அனைவரினதும் சொத்து" என்று முழங்கியபோது மண்டபம் அதிர்ந்தது.

பிறகு நாடா வெட்டினார் அலுவலர். பொத்தானை அழுத்தினார். திரை நீலமாக வந்து, உரிமம் கேட்டு நின்றது.

"ஆகா," என்றார் அலுவலர். "இதுதானா கட்டற்ற மென்பொருள்? என்ன குளிர்ச்சியான நிறம்!"

கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன்.

"இல்ல சேர்," என்றா மிஸ் தட்டைப் பிடித்தபடி. "இது பழசு. பழுதாகி நிக்கிது. இனித்தான் நான்..."

மைக் அவவின் பக்கம் இருக்கவில்லை. அலுவலரின் பக்கம்தான் இருந்தது. அவர் உணர்ச்சிவசப்பட்டு, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு பிரகடனத்தைச் செய்தார். எமது பிரதேசத்தில் முதன்முதலாக விடுதலை பெற்ற இந்த வரலாற்றுக் கொம்பியூட்டர், தமது அலுவலக முன்றலில், கண்ணாடி அலுமாரிக்குள், பூட்டிப் பாதுகாக்கப்படுமாம். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சிற்றூழியர்கள் பெட்டியையும் திரையையும் தூக்கிவிட்டார்கள்.

கதவோரம் நின்ற விதானையார் ஓடி வந்து வாகனத்தை மறித்தார்.

"ஐயோ சேர், பட்டியல் உள்ளுக்க இரிக்கி! அது எங்கட வட்டைச் சாமான் சேர்!"

அலுவலர் கோபிக்கவில்லை. அவர் பண்பான மனிதர். "தனிச் சொந்தக்காரர் இல்லையெண்டு தலைவரே மேடையில சொன்னவர். நீங்களும் கேட்டீங்கதானே? மக்கள் எல்லாரின்ட சொத்தை ஒரு ஆள் வந்து கேட்டா எப்பிடிக் குடுக்கிற? சரி, ஒண்டு செய்யலாம். இது இன்னாருடையது எண்டு ஒன்றியம் ஒரு கடிதம் தரட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடிதத்தாள் பைக்குள் இருந்தது. முத்திரையும் இருந்தது. ஐந்து நிமிட வேலை. நான் மஜீட் சேரைப் பார்த்தேன். சேர் மண்டபத்தைப் பார்த்தார். வருகிற வருடமும் அது எங்களுக்கு வேண்டும்.

"கடிதம் குடுக்கிறதுக்கு நிர்வாக சபை கூடோணும்," என்றேன். "கூட்டத்துக்குப் பதினாலு நாள் முன்னறிவித்தல் வேணும். யாப்பில அப்பிடித்தான் இரிக்கி."

"வெக்கமா இல்லையா தனோஜன் உங்களுக்கு?" என்று கேட்டா மிஸ். கத்தரிக்கோல் தட்டை என் கையில் திணித்துவிட்டு, விதானையாருக்குப் பின்னால் போனா. எனக்கு முகம் சுட்டது. ஆனால் நன்றியுரை என்னுடையது என்பதால் உள்ளே போக வேண்டியிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் பிறகு கேள்விப்பட்டதுதான். மிஸ் தன்னுடைய லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பழுகாமம் போயிருக்கிறா. விளக்கில்லை, பெனரில்லை. விதானையார் வரம்பு வரம்பாக, வீடு வீடாகக் கூட்டிப் போய், "இந்தா இவர்ட பேரை எழுது புள்ள, ஆளுக்குக் காது கேளாது, அடையாள அட்டையை நான் வாசிக்கன்" என்று ஒவ்வொருவராகச் சொல்ல, மிஸ் கட்டற்ற மென்பொருளில் அடித்துக்கொண்டே போயிருக்கிறா. வயலில் நின்ற பெட்டையள் மூன்று பேர், "இதை எங்களுக்கும் போட்டுத் தருவீங்களா மிஸ்?" என்று கேட்டதாகவும் கதை. திங்கட்கிழமை பின்னேரம் இரண்டு நாற்பதுக்குப் பட்டியல் கையளிக்கப்பட்டது. அடுத்த கிழமை உரமும் வந்து சேர்ந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோசம்தான். உடனே ஆண்டறிக்கையில் "பழுகாமம் கிளை அங்குரார்ப்பணம்" என்று ஒரு பந்தி எழுதினேன்.

ஆனால் உரம் வந்தது நூற்றிப்பதினொரு பேருக்கு. நாள் முழுக்க ஊரார் பேரையெல்லாம் சொல்லிக் கொடுத்த விதானையார், தன்னுடைய பேரைச் சொல்ல மறந்துபோனார். பந்தி பரிமாறுகிறவன் தனக்கு இலை போடாத கதைதான். மிஸ் அழுதாவாம், கணக்கு ரீச்சர் நான், ஒருக்கா எண்ணிப் பார்க்கேல்லையே என்று.

பேரைச் சேர்க்கச் சொல்லி உரம் கொடுக்கிறவர்களைக் கேட்டால், அசல் பட்டியலில் பேர் இருந்ததைக் காட்டச் சொல்கிறார்கள். அசல் பட்டியல் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. அலுமாரி திறக்க ஒன்றியத்தின் கடிதம் வேண்டும். ஒன்றியத்தின் சபை இரண்டு தரம் கூடிற்று. இரண்டு தரமும், அடுத்த விழாவுக்குப் பொன்னாடை மஞ்சளா சிவப்பா என்பதோடு நேரம் போய்விட்டது.

நேற்று விதானையாரே என் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது புதிய அழைப்பிதழைச் செய்துகொண்டிருந்தேன். நல்ல செய்தியைச் சொல்ல வேண்டும் என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இந்த முறை நீங்கதான் விதானையார் சிறப்பு அதிதி. பிரதம அதிதியின்ட கையாலேயே உங்களுக்குப் பொன்னாடை போடப்போறம்."

அவர் தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பொன்னாடையை வயலுக்குப் போட்டா பச்சை பிடிக்குமா மனே?" என்று கேட்டார். "மத்தவன்ட வயலெல்லாம் கருகருவெண்டு நிக்கிது. நடுவில என்ட மூணு ஏக்கர் மட்டும் மஞ்சளா நிக்கிது. அந்தக் கடிதத்தை எழுதித் தாவன்."

பை என் பக்கத்திலேயே கிடந்தது. அடுத்த கூட்டத்தில் கட்டாயம் எடுக்கிறேன் என்றேன். ஓம் மனே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, அலுமாரிக்குள் இருக்கும் கொம்பியூட்டரின் படத்தை முகநூலில் போட்டேன். தலைப்பு: "கட்டுடைத்தோம்!" விடிவதற்குள் அறுநூற்றிப்பன்னிரண்டு விருப்பக்குறி விழுந்திருந்தது. ஆர் ஆர் போட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விதானையாரின் வட்டையிலிருந்து ஒன்றுமில்லை.

உங்களுடையது இருந்தது.