நான் கை வாங்கப் போன கதை

‘சும்மா பார்க்கத்தான் வந்தோம்’ என்று சொல்லிக்கொண்டு கடைக்குள் நுழைகிற பெண்களை நம்பாதீர்கள். அவர்கள் மனத்துக்குள் அந்தப் பொருளை ஏற்கெனவே வீட்டில் இறக்கி, இடம் ஒதுக்கி, மேலே போர்த்தப் பழைய புடவையும் எடுத்து வைத்திருப்பார்கள். திண்டிவனத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமுக்குள் நான் அப்படித்தான் நுழைந்தேன்.

திண்டிவனத்துக்குப் போனது உறவினர் வீட்டுப் பிள்ளை முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு. (பிரியாணி சுமார்தான்.) பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியில், கண்ணாடிக்குப் பின்னால் அது நின்றுகொண்டிருந்தது. மினி டிராக்டரின் பின்பக்கம் மாட்டுகிற, மண் தோண்டும் இரும்புக் கை. பெரிய பொக்லைனுக்கு இருப்பதைப் போலவே முழங்கை, மணிக்கட்டு, பல் வைத்த பக்கெட், எல்லாம் குட்டி அளவில். மஞ்சள் பெயின்ட் வேறு. ஆண்டவரே, அந்த மஞ்சள்! நான் எதைப் பார்க்கிறேன் என்று கவனித்த என் வீட்டுக்காரர் நடையைக் கூட்டினார்.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் விழுப்புரத்தில் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்ப்பவர். எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு: “யோசிக்கலாம்.” என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனபோதும் இதைத்தான் சொன்னாராம். கெடார் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் நிலத்தையும், எங்கள் மினி டிராக்டரையும் பார்த்துக்கொள்வது நான். எனக்கு யோசிக்கிற வழக்கமே கிடையாது. ஆகமொத்தம் குடும்பம் சமநிலையில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆசைக்கு ஒரு காரணமும் இருந்தது, சத்தியமாக. எங்கள் கிணறு பள்ளத்தில் இருக்கிறது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லை மேட்டில் இருக்கிறது. நடுவில் வாய்க்கால் தோண்டிப் பைப் புதைத்தால்தான் தண்ணீர் மேலே ஏறும். பைப் எல்லாம் வாங்கி வீட்டுச் சுவரோரம் சாத்தியாகிவிட்டது. மண்ணோ, கடப்பாரை போட்டால் கடப்பாரைதான் எகிறும். அப்படி ஒரு சரளை. மல்லாட்டை பூ விட்டிருந்தது. விழுது மண்ணில் இறங்கும் நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் அந்த வருஷ வெள்ளாமை மாட்டுக்குத்தான்.

இதற்கு ஒரு பொக்லைன் வந்து அரை நாள் வேலை செய்தால் போதும். அந்தப் பொக்லைன் என் கூடப்பிறந்த தம்பி சேவியரிடமே இருந்தது. அதுதான் பிரச்சினை. வண்டியை அவன் வாடகைக்கு விடுகிறான். அக்காவிடம் வாடகை வாங்க முடியாது, அதனால் அக்கா வேலை எப்போதும் அடுத்த வாரம். போன் போட்டால் ஒரே வசனம்: “வந்துக்கினே இருக்கேன்க்கா.” பின்னால் வண்டி ஓடுகிற சத்தம்கூடக் கேட்கும், ஆனால் அது திண்டிவனத்துப் பக்கம் எங்கோ பிளாட் போடுகிற இடத்தில் ஓடுகிற சத்தம். வேறு வண்டிக்காரர்களைக் கூப்பிட்டால், ‘உங்க தம்பி வண்டி இருக்கும்போது நாங்க வந்தா நல்லா இருக்காதும்மா’ என்று நழுவினார்கள்.

ஒரு ஞானஸ்நான விருந்தில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், பந்தியே கேட்க நான் வெடித்துவிட்டேன். “இனிமே உன் வண்டி எங்க வாசலுக்கே வரவேணாம்டா. நானே ஒரு கை வாங்கிக்கிறேன்.”

சேவியர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். அதற்கப்புறம் எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் விடுவார்களா? ஸ்டெல்லா கை வாங்கப் போகிறாள் என்று வானூர் வரைக்கும் செய்தி போய்விட்டது. (அங்கே ஒரு பெரியம்மா, யாருடைய கையை நான் வாங்கப் போகிறேன் என்று பயந்து போன் செய்தார்.)

வீட்டில் தினமும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இதே விவாதம்.

“வாய்க்கா தோண்டி முடிச்சிட்டு அந்தக் கைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?” என்பார் அவர்.

“தென்னங்கன்னுக்குக் குழி எடுப்பேன்.”

“நமக்குத் தென்னையே இல்லியே.”

“வெக்கப் போறமே.”

“யோசிக்கலாம்.”

சில நாள் வேண்டாம் என்று எனக்கே தோன்றும். மறுநாள் பைப் சாத்திய சுவரைப் பார்த்தால் வாங்கியே தீரவேண்டும் என்று இருக்கும். மந்திரித்துவிட்ட கோழி மாதிரி கொல்லைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். இந்தக் கோழியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷோரூமில் இருந்த சேல்ஸ்மேன் தங்கமான மனிதர். நான் தினமும் போன் போடுவதைப் பார்த்து, ஊருக்கே கொண்டுவந்து என் டிராக்டரில் மாட்டிக் காட்டுகிறேன், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். டெமோவுக்குக் காசு கிடையாது. அதோடு நான் நின்றிருக்கலாம். கொல்லையில் ஒரு ஓரமாகத் தோண்டிப் பார்த்திருக்கலாம்.

ஆனால் அந்த வாரம்தான் எங்கள் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம். பழைய கொடிமரம் துருப்பிடித்துவிட்டதால் புதிய கொடிமரம் வந்து இறங்கியிருந்தது. குழி தோண்டச் சொல்லி ஃபாதர் யாரிடம் கேட்டிருந்தார் என்கிறீர்கள்? சேவியரிடம். அவருக்கும் அதே வசனம்தான்: ‘வந்துக்கினே இருக்கேன் ஃபாதர்.’ எனக்குள் ஏதோ துள்ளியது. அந்தக் குழியை நான் தோண்டித் தருகிறேன் ஃபாதர் என்று சொல்லிவிட்டேன். ஊர் பார்க்க, தம்பிக்கு முன்னால், என் கையால்!

சொன்ன நாளில் குட்டி யானை வண்டியில் மஞ்சள் கை வந்து இறங்கியது. கோயில் மைதானத்தில் வைத்தே டிராக்டரில் மாட்டினார்கள். பாடற்குழு, மாதா சபை, பந்தல்காரர்கள், கபடியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் என்று ஊரே திரண்டுவிட்டது. என் வீட்டுக்காரர்கூட கடைக்கு லீவு போட்டிருந்தார். (அதை முடிவு செய்ய எவ்வளவு யோசித்தாரோ.) கோயில் கதவுக்கு நேராக ஃபாதர் சுண்ணாம்புப் பொடியில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

நான் கம்பீரமாக ஏறி உட்கார்ந்தேன். இந்தக் கைக்கு ஸீட் பின்பக்கம் பார்த்து இருக்கும். ஸ்டியரிங்குக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அப்போதுதான் ஃபாதர் தீர்த்தச் செம்போடு வருவதைப் பார்த்தேன். புது வண்டி வாங்கினால் மந்திரிப்பது எங்கள் வழக்கம். ஃபாதர் நான் வாங்கிவிட்டதாகவே நினைத்திருக்கிறார். இது டெமோ ஃபாதர், இன்னும் வாங்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். எதிரே மாதா சபை முழுக்க முக்காடு போட்டுக் கைகூப்பி நின்றது. வாயை மூடிக்கொண்டேன். சேல்ஸ்மேன் இந்து என்றாலும் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாகக் கும்பிட்டார். மந்திரித்த பொருளை எந்த ஊரிலும் திருப்பித் தரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தத்தை வீசினார். நெற்றி, கண், தோள் என்று நன்றாக நனைந்தேன்.

சேல்ஸ்மேன் பக்கத்தில் வந்து பாடம் சொன்னார். “மேடம், மொதல்ல கால நல்லா ஊனிக்கோங்க. கால் ஊனாம கையத் தொடவே கூடாது.”

நான் செருப்பை உதறிவிட்டு, என்னுடைய இரண்டு பாதங்களையும் தகட்டின் மேல் அழுந்த ஊன்றிக்கொண்டேன்.

“ஊனிட்டீங்களா?” என்று கேட்டார். அதற்குள் ஃபாதருக்கு உதவியாக இருக்கும் கோயில் உபதேசியார் அவரைத் திருப்பி, சபைக்கு ஒன்று வாங்கினால் தள்ளுபடி உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்லா ஊனிட்டேன் என்றேன். பொய்யே இல்லை. அவ்வளவு நன்றாக நான் வாழ்க்கையில் கால் ஊன்றியதில்லை.

அந்த இயந்திரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் கால்கள் உண்டு. தோண்டுவதற்கு முன் அவற்றைத் தரையில் இறக்கி ஊன்ற வேண்டும். இல்லையென்றால் சின்ன டிராக்டர் நிலத்தில் நிற்காது. இது எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. மிகவும் பிற்பாடு.

லீவரை இழுத்தேன். கை இறங்கிச் சுண்ணாம்பு வட்டத்தை ஒரு கடி கடித்தது. மைதானத்து மண் இறுகிக் கிடந்தது. மண் எங்களிடம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. நாங்கள் மண்ணிடம் போனோம். டிராக்டர் பின்னால் சறுக்கியது, முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தூக்கியது. பாடற்குழு கலைந்து ஓடியது. பதறிப்போய் வேறு லீவரை இழுத்தேன். கை பக்கவாட்டில் வீசி எங்களை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், அங்கே மெத்தென்று இருந்த மண்ணில் ஆசையாக இறங்கியது. ஏன் மெத்தென்று இருந்தது என்றால், மாதா சிலை இருக்கிற கெபிக்குப் போகிற தண்ணீர் பைப்பை அங்கேதான் புதைத்திருந்தார்கள்.

கோயில் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது.

அதற்கப்புறம் நான் எந்த லீவரைத் தொட்டாலும் அந்தக் கை தோண்டியது. நிறுத்த நினைத்தாலும் தோண்டியது. சேல்ஸ்மேன் ஓடிவந்து, “கால எறக்குங்க மேடம், கால எறக்குங்க” என்று கத்தினார். இந்த மனிதர் சொல்வதையாவது கேட்போம் என்று என் வலது காலை இறக்கினேன். முழங்கால் வரை சேற்றுக்குள் போனது. அதே நேரம் டிராக்டரின் பின்சக்கரமும் நான் தோண்டிய குழிக்குள் போய் உட்கார்ந்தது. முன்சக்கரங்கள் பரலோகத்தைப் பார்த்துச் சுற்றின. யாரோ புண்ணியவான் ஏறி எஞ்சினை நிறுத்தினார். என் காலின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

ஃபாதர் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். “ஸ்டெல்லா, பாதம் கழுவுற சடங்கு பெரிய வியாழன்லம்மா” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டிராக்டர் போச்சு, மல்லாட்டை போச்சு, மானம் எப்போதோ போச்சு என்று நிற்கும்போது மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு சத்தம். தெரிந்த சத்தம். பொக்லைன் திரும்பி மைதானத்துக்குள் வந்தது. கொடிமரக் குழிக்காக அன்று அவன் நிஜமாகவே வந்துகொண்டே இருந்திருக்கிறான்!

சேவியர் இறங்கிவந்து டிராக்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “வந்துட்டேன்க்கா” என்றான்.

அவன் சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. என்னை இடுப்பில் பிடித்துச் சேற்றிலிருந்து தூக்கி வெளியே வைத்தான். பிறகு சங்கிலி போட்டு டிராக்டரைத் தூக்கினான், பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி.

பைப்பை அடைத்ததும் சேல்ஸ்மேன் பணிவாக ஆரம்பித்தார். மந்திரித்தாகிவிட்டதே மேடம், புக்கிங் போட்டுவிடலாமா என்றார். மாதா சபையும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. மந்திரித்ததைத் திருப்பி அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாதாம். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

“யோசிக்கலாம்” என்றார். தமிழில் இவ்வளவு அழகான வார்த்தை இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஃபாதர் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “நான் தெளிச்ச தீர்த்தம் இதும்மேல எங்கங்க பட்டுச்சு? அவ்வளவும் ஸ்டெல்லா தலையில இல்ல வுழுந்துச்சு. மந்திரிச்சது அவளத்தான். மெஷின நீங்க எடுத்துக்கினு போங்க” என்றார்.

அப்படியாக நான் அதிகாரபூர்வமாக மந்திரித்துவிட்ட கோழி ஆனேன். கை திண்டிவனத்துக்குத் திரும்பிப் போனது. கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் அதன் மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதும் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்று சாயங்காலமே சேவியர் நேராக எங்கள் கொல்லைக்கு வண்டியை விட்டான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வாய்க்கால் ஓரமாக நான் நடந்தபோது மட்டும் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, “அக்கா, கால ஊனிக்கினு நட, வழுக்கும்” என்றான். அப்போதுதான் இரண்டு பேரும் சிரித்தோம். வயிறு வலிக்கிற வரைக்கும், வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். மல்லாட்டை பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் எந்த ஷோரூம் முன்னால் நின்றாலும் வீட்டுக்காரர் ‘கால ஊனிக்கோ’ என்பார். சேவியரோ பழையபடி வந்துக்கினே இருக்கிறான்.

கோயில் குழியை யாரும் மூடவில்லை. இவ்வளவு ஆழமான குழியை வீணாக்குவானேன் என்று, பைப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு ஃபாதர் கொடிமரத்தை அதிலேயே நட்டுவிட்டார். அதனால் ஊருலகத்தில் கதவுக்கு நேராக நிற்கிற கொடிமரம் எங்கள் கோயிலில் மட்டும் இடது பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. பின்னாளில் மாற்றலாகி வந்த புது ஃபாதர், இது ஏன் இங்கே இருக்கிறது, ஏதாவது பழைய ஐதீகமா என்று உபதேசியாரிடம் பயபக்தியோடு கேட்டார்.

உபதேசியார் கூட்டத்தில் நின்ற என்னைக் கைகாட்டினார். “ஐதீகம்லாம் ஒண்ணுமில்ல ஃபாதர். அந்தம்மா இங்கதான் கால ஊனினாங்க.”