பழைய பக்கங்களைத் தூக்கிய தீனதயாளன்

அஸ்தம்பட்டியில் கிரைண்டர், மிக்சி விற்றுப் பழுதும் பார்க்கும் தீனதயாளன், கடையின் இணையதளத்தை ஒரே மூச்சில் சுத்தம் செய்வதென்று முடிவெடுத்தார். பழைய பக்கங்கள் கிடந்தால் கூகுள் கடையைப் பின்னால் தள்ளிவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார்.

அந்தப் பக்கங்கள் அத்தனையும் அவர் மனைவி சாரதாமணி எழுதியவை. கிரைண்டர் கல் முனகினால் என்ன செய்வது, மாவு ஏன் சூடாகிறது என்று வரும் சந்தேகங்களுக்கெல்லாம் பதில்.

“ஏனுங்க, அதைப் படிச்சுட்டுத்தான் சனங்க போன் பண்றாங்க,” என்றாள்.

“அந்த மாடலையெல்லாம் கம்பெனியே நிறுத்திருச்சு.”

“ஊட்டுல இன்னும் ஓடுதுங்களே. பழசுதானுங்க ரிப்பேருக்கு வரும். தப்பு இருந்தாத் திருத்துங்க. மொத்தமா எதுக்கு அழிக்கோணும்?”

“பாரத்தை இறக்குனாத்தான் சாரதா, வண்டி மேடேறும்.”

“லோடை இறக்கிப்போட்டு காலி வண்டி ஓட்டுனா வாடகை வருமுங்களா?”

தீனதயாளன் அழித்தார்.

“அப்ப அதெல்லாம் உங்களுக்கு வேண்டாமுங்களா?”

“வேண்டவே வேண்டாம்.”

“சரிங்க,” என்று சாரதாமணி உள்ளே போனாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படியொரு ‘சரிங்க’ அவர் கேட்டதில்லை. அன்றைக்கு இரண்டாவது காபி தானே போட்டுக் குடித்தார்.

கொஞ்ச நாளில் கடை போன் ஓய்ந்தது. தேடிப் பார்த்தார். கூகுளுக்கு நான்காவது பக்கம் ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கடை அங்கே இருந்தது. சீசன் மந்தம் என்று வீட்டில் சொல்லி வைத்தார்.

ஆனால் அந்த வாரம் சமையலறையில் சாரதாமணியின் போன் ஓயாமல் அடித்தது. சந்தேகம் வந்து, ‘கிரைண்டர் கல் முனகல்’ என்று தட்டினார். முதலில் வந்தது ஒரு புதுத் தளம். அதே கட்டுரைகள். அடியில் மனைவியின் பெயர், அவள் நம்பர்.

“இதென்ன சாரதா?”

“நீங்க வேண்டாம்னதுங்க. பழைய விலையை நீக்கிப்போட்டு, தப்பைத் திருத்தி, வேற இடத்துல வெச்சேன்.”

“கூப்பிடறவங்களுக்கு என்ன சொல்றே?”

“ஆளை அனுப்பறேன்னு சொல்றேனுங்க.”

“எந்த ஆளை?”

சாரதாமணி அவருடைய ஸ்பேனர் பையை எடுத்து நீட்டினாள். “செவ்வாய்ப்பேட்டையில பாவாயிக்கா ஊட்டுல கல்லு சுத்தலையாமுங்க. வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வந்துருங்க. இதை மாட்டிக்கிட்டுப் போங்க.”

அடுத்து நீட்டியது ஒரு நீலச் சட்டை. முதுகில் ‘சாரதாமணி சர்வீஸ்’ என்று அச்சடித்திருந்தது.

தீனதயாளன் போட்டுப் பார்த்தார். அளவு கச்சிதமாக இருந்தது.