எறும்பு தூங்குமா?

எறும்பு தூங்குமா, தூங்காதா என்று கண்ணாடிக் கடைக்காரர் தொலைபேசியில் கேட்டதும், ஓய்வுபெற்ற நூலகர் வழக்கம்போல, "பார்த்துச் சொல்றேன்" என்றார்.

'தெரியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. நூலகத்தில் அவர் உட்கார்ந்திருந்தது தகவல் மேசையில். பந்தயம் கட்டியவர்கள், குறுக்கெழுத்தில் மாட்டிக்கொண்டவர்கள், பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் விழிபிதுங்கிய அப்பாக்கள் என்று ஊரே அந்த மேசையைத் தொலைபேசியில் கூப்பிடும். இரண்டு புத்தகங்கள் ஒத்துப்போகாமல் அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை.

அதெல்லாம் ஒரு காலம். நூலகம் இருந்த கட்டடத்தில் இப்போது சோபா விற்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கைபேசியிடம் கேட்கப் போய்விட்டார்கள். வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்து இன்னும் கேட்பவர் இந்தக் கடைக்காரர் ஒருவர்தான். இவரையும் கோட்டைவிட்டால், தான் நூலகராக இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போய்விடும் என்று மனிதருக்கு உள்ளூர பயம்.

நூலகத்தை மூடியபோது வாங்கிவந்த கலைக்களஞ்சியம் அலமாரியில் இருந்தது. எறும்பு இருக்கவேண்டிய தொகுதியைக் கரையான் தின்றிருந்தது.

வேறு வழியில்லாமல் இணையத்தில் இறங்கினார். முதல் தளம் எறும்பு தூங்கவே தூங்காது என்று அடித்துச் சொல்லி, கீழே மெத்தை விளம்பரம் போட்டிருந்தது. இரண்டாவதில் நல்ல ஆராய்ச்சிக் கட்டுரை. ஒரு பத்தி காட்டிவிட்டு, மீதிக்குப் பணம் கட்டு என்றது. மூன்றாவது, எல்லாம் இலவசம் என்று கூப்பிட்டு அவர் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டது. அப்போதிலிருந்து கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று மணி ஓயவில்லை. எறும்பு தூங்குகிறதோ என்னவோ, இந்த வீட்டில் இனி யாரும் தூங்கமுடியாது என்று மனைவி அலுத்துக்கொண்டார்.

நான்காவதாக அகப்பட்டது தங்கம். விளம்பரம் இல்லை, காசு கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'நூலகர் சரிபார்த்தது' என்றிருந்தது. அதைப் பார்த்ததும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கேயோ ஒரு மேசையில் தன்னைப் போல ஒருவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனாலும் சோதிக்காமல் நம்புகிற ஆள் இல்லை. கடைக்காரர் முன்பு கேட்ட கேள்விகளையே ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். அத்தனை விடையும் தான் சொன்னது போலவே இருந்தது. இப்படி ஒரு துல்லியத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

எறும்புக்கும் பக்கம் இருந்தது. குட்டிக் குட்டியாகப் பல தடவை தூங்கும் என்று போட்டிருந்தது. ஆனால் அடியில், 'நூலகர் சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறது' என்றிருந்தது.

அந்த நூலகரே ஒப்புக்கொள்ளாததை இவர் எப்படிச் சொல்வார்? கடைக்காரரிடம் நாளைக்கு என்றார். மறுநாளும் அந்தப் பக்கம் காத்துக்கொண்டுதான் இருந்தது. மறுபடியும் நாளைக்கு என்றார்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, ஐயா?" என்று கடைக்காரர் கேட்டதும் இவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கோபமெல்லாம் முகம் தெரியாத அந்த நூலகர் மேல் திரும்பியது. பெயர் போடாமல் தளத்துக்கு எழுதினார்: 'உங்கள் நூலகர் ஒரு சோம்பேறி. ஓர் எறும்பைச் சரிபார்க்க இத்தனை நாளா? எங்கள் காலத்தில் இவரை மேசைப் பக்கமே விட்டிருக்கமாட்டோம்.'

பதில் சுடச்சுட வந்தது: 'அவர் கால் தூசு பெறுவீர்களா நீங்கள்?'

அதற்குமேல் இவருக்குத் தாங்கவில்லை. நேரில் போய், தெரியாது என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. சட்டையை மாட்டிக்கொண்டு குறுக்குச் சந்து வழியாகக் கடைக்காரர் வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பழகினார். இத்தனை வருஷம் வெளியே வராத சொல், இப்போதும் பாதியிலேயே நின்றது.

கதவைத் திறந்தது கடைக்காரரின் மனைவி.

"எறும்பு விஷயமா வந்தேம்மா. அவருகிட்ட சொல்லிடுங்க, எனக்கு வந்து..."

"அவரு உங்களைப் பார்க்கத்தான் கிளம்பிப் போனாரு, ஐயா. அவரு நடத்துற இணையதளத்துக்கு எவனோ ஒரு கிறுக்கன் எழுதியிருக்கானாம், நீங்க சோம்பேறின்னு."